வெளிநாட்டுல இருக்கும்போது மருந்துக்கடை, ஆஸ்பத்திரி எல்லாம் எப்படிச் சமாளிக்கிறீங்க?

அசிங்கப்பட்டுத்தான் கத்துக்கிட்டேன். முதல் தடவை மருந்துக்கடைக்குப் போனப்ப கையில இருந்தது பாதி கிழிஞ்ச மாத்திரை அட்டை, பிராண்ட் பேரு மட்டும்தான் மிச்சம். கவுன்டர்ல இருந்த அம்மா அதை அப்படி இப்படித் திருப்பிப் பாத்துட்டு, உள்ள என்ன மருந்துன்னு கேட்டாங்க. முழிச்சேன். வருஷக்கணக்கா தினம் முழுங்குற பிரஷர் மாத்திரைங்க, அதுல என்ன இருக்குன்னு தெரியல!

பிராண்ட் பேரை நம்பவே நம்பாதீங்க. ஒரே பேருல ரெண்டு நாட்டுல ரெண்டு வேற மருந்து இருக்கும். ஃப்ளோமாக்ஸ்னா அமெரிக்காவுல புராஸ்டேட்டுக்குக் குடுக்குற டாம்சுலோசின், இத்தாலியில அதே பேருல வீக்கத்துக்கான மருந்து, 2006லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதைப் பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. அதனால ஜெனரிக் பேரு (அதாவது உள்ள இருக்குற மருந்தோட பேரு), எத்தனை மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, என்ன அலர்ஜி, இதை ஒரு சீட்டுல எழுதி போன் கவர்ல சொருகிக்கோங்க. ஜெனரிக் பேரும் சில சமயம் காலை வாரும். பாராசிட்டமால்தான் அமெரிக்காவுலயும் ஜப்பான்லயும் அசிட்டமினோஃபென். வேற வேற மருந்துன்னு நினைச்சு ரெண்டையும் சேத்துப் போட்டா டபுள் டோஸ், லிவருக்கு ஆபத்து.

சுகர் ரிப்போர்ட் வேற கூத்து. ஃபாஸ்டிங் 7.0னு வந்திருந்துச்சு, என்னடா எதாவது விட்டுப்போச்சான்னு பதறிட்டேன், அப்புறம்தான் யூனிட் வேறன்னு புரிஞ்சுச்சு, நம்ம ஊரு கணக்குக்கு 18ஆல பெருக்கணும், அப்போ 126. சர்க்கரை வியாதிக்கான எல்லைக்கோடே அதுதாங்கிறதால பதறினது வீணும் இல்ல.

மருந்தை மொத்தமா கையோட கொண்டு போயிடலாம்னு நினைக்கிறவங்க அந்த நாட்டு ரூல்ஸைப் பாத்துட்டுப் பேக் பண்ணுங்க. சாதாரண சளி மாத்திரையில இருக்குற சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல இருந்தா முன்கூட்டியே அனுமதி வாங்காம ஜப்பானுக்குள்ள கொண்டுபோகவே கூடாது. டாக்டர் சீட்டும் ஒரிஜினல் டப்பாவும் கூடவே இருக்கட்டும்.

ஆஸ்பத்திரின்னா, எமர்ஜென்சிக்கு ஓடுறதுக்கு முன்னாடி யோசிங்க. கணுக்கால் சுளுக்குன்னு ஒரு ராத்திரி போய் அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தேன், எனக்கு அப்புறம் வந்தவங்க எல்லாம் உள்ள போயிட்டே இருந்தாங்க, கடுப்பாகி நர்ஸ்கிட்ட கேட்டா, இங்க வந்த வரிசை கணக்கில்ல, யாருக்கு ஆபத்து ஜாஸ்தியோ அவங்கதான் முதல்லன்னாங்க. நியாயம்தான், ஆனா அப்ப அது ஏறல. இப்பல்லாம் புது இடம் போனதும் ரெகுலரா பாக்குற டாக்டர்கிட்ட முதல்ல பேரைப் பதிஞ்சுடுறேன், உடம்பு நல்லா இருக்கும்போதே.

இன்சூரன்ஸ்ல ஒண்ணே ஒண்ணு கேட்டு வெச்சுக்கோங்க: ஆஸ்பத்திரிக்கு அவங்களே நேரா கட்டுவாங்களா, இல்ல நாம கட்டிட்டு பில்லைக் குடுத்து வாங்கணுமா? ரெண்டாவதுன்னா மருந்துக்கடை ரசீது முதற்கொண்டு எதையும் தூக்கிப் போடாதீங்க, நான் போட்டேன், ஒரு கிளைம் மொத்தமா போச்சு.