தன்னம்பிக்கை போதவில்லையா?

கேள்வி: 11 வருடமாக வேலை பார்க்கிறேன். பெண் என்பதால் எனக்கு எந்தப் பாதகமும் நடந்ததில்லை, திறமை இருந்தால் மேலே வரலாம் என்று நம்புகிறவள். என் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண், “மீட்டிங் குறிப்பு எடுப்பது, பிரிவு உபசாரத்துக்குக் காசு சேர்ப்பது எல்லாம் எப்போதும் நம் தலையிலேயே விழுகிறதே” என்றாள். “இஷ்டமில்லை என்றால் தைரியமாக மறுத்துவிடு, எதையும் ஆண் பெண் பிரச்சினை ஆக்காதே” என்றேன். அதிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இந்த வருடமும் என்னோடு சேர்ந்தவருக்குத்தான் ப்ரமோஷன். நான் இன்னும் தன்னம்பிக்கையை வளர்த்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: அன்புத் தோழி, உங்கள் தன்னம்பிக்கையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ப்ரமோஷன் கிடைக்காததும் உங்களிடமே குறை தேடுகிறீர்களே, அதுதான் வருத்தமாக இருக்கிறது. பாகுபாடே இல்லை என்று முடிவு செய்துவிட்டால், ஒவ்வொரு சறுக்கலுக்கும் நாமே காரணம் என்று ஆகிவிடும்.

பெண்ணியம் தன் வேலையை முடித்துவிட்டது, இனி அவரவர் சாமர்த்தியம் என்ற இந்த எண்ணத்தை ஆய்வாளர்கள் பின்பெண்ணியம் என்கிறார்கள். ரோசலிண்ட் கில், எலிசபெத் கெலன், கிறிஸ்டினா ஷார்ஃப் மூவரும் 2017இல் வெளியிட்ட கட்டுரையில், அலுவலகங்களில் இது எப்படிப் பேசப்படுகிறது என்று காட்டினார்கள். பாகுபாடு அந்தக் காலத்தில் இருந்தது, இல்லாவிட்டால் வேறெங்கோ இருக்கிறது. இப்போது பெண்களுக்குத்தான் சாதகம். மிச்சம் இருப்பது அப்படித்தான் இருக்கும். இதுதான் அந்தப் பேச்சு. நானும் பல வருடம் இப்படிப் பேசியவள்தான்.

சரி, அந்தப் பெண் சொன்னதற்கு வருவோம். லிண்டா பாப்காக்கும் சக ஆய்வாளர்களும் இதைச் சோதனையாகவே நடத்திப் பார்த்து, 2017இல் வெளியிட்டார்கள். குழுவில் ஒரு வேலையை யாராவது ஒருவர் செய்தால் எல்லோருக்கும் லாபம், ஆனால் செய்பவருக்குக் கிடைப்பது மற்றவர்களைவிடக் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைவிடப் பெண்கள் 48 சதவீதம் அதிகமாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுவில் அந்த வித்தியாசம் காணாமல் போனது. ஆண்கள் மட்டும் இருந்த குழுவைப் போலவே நடந்துகொண்டார்கள். பெண்ணின் பிறவிக் குணம் என்றால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டுமே! பெண் இருந்தால் அவள் செய்துவிடுவாள் என்று எல்லோரும், அவளும் சேர்த்துத்தான், எதிர்பார்க்கிறார்கள். யாரிடம் கேட்பது என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோதும் பெண்களிடமே அதிகம் கேட்டார்கள். கேட்டவர் பெண்ணாக இருந்தும் அது மாறவில்லை.

உங்கள் டீமில் கேட்கும் இடத்தில் இருப்பது நீங்கள். “மறுத்துவிடு” என்று புதிதாக வந்தவளிடம் சொல்வது எளிது. மறுத்தால் ஒத்துழைக்காதவள் என்ற பெயர் அவளுக்குத்தான் வரும்.

கடந்த ஆறு மாதத்தில் குறிப்பு எடுத்தது யார், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார், விழா ஏற்பாடு பார்த்தது யார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். உங்கள் பெயரும் அதில் நிறைய வரும் என்று நினைக்கிறேன். அந்த நேரத்தில் உங்களோடு சேர்ந்தவர் அப்ரைசலில் காட்டக்கூடிய வேலையைச் செய்திருக்கலாம். மேலதிகாரியிடம் போகும்போது அந்தத் தாளோடு போங்கள். ப்ரமோஷனுக்கு எதையெல்லாம் கணக்கில் எடுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்கு முன்னால் அந்தப் பெண்ணிடம் பேசிவிடுங்கள். “நீ சொன்னது சரிதான், நான்தான் கவனிக்கவில்லை” என்றால் போதும். அப்புறம் குறிப்பு எடுக்க ஆண் பெண் எல்லோருக்கும் முறை வைத்து, பட்டியலை அடுத்த மீட்டிங்குக்குள் எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.