99.2% பொருத்தம்: லிண்டேனைத் தின்னும் பாக்டீரியா புதிய சிற்றினமா?

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பல வருடம் பூச்சிக்கொல்லி தெளித்த வயல் மண்ணிலிருந்து, லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியைச் சிதைக்கும் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தேன். அதன் 16எஸ் வரிசை (பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் ஒரு மரபணுவின் வரிசை), ஸ்பிங்கோபியம் பேரினத்தின் ஒரு சிற்றினத்தோடு 99.2% பொருந்துகிறது. அதனால் இது பழையதுதான் என்கிறார் என் வழிகாட்டி. ஆனால் அந்தச் சிற்றினம் லிண்டேனைச் சிதைப்பதாக எங்கும் பதிவில்லை. அப்படியானால் என்னுடையது புதியதுதானே?

பதில்: இரண்டு வாதமும் நிற்காது. உங்கள் வாதத்தை முதலில் பார்ப்போம். லிண்டேனைச் சிதைக்கும் லின் மரபணுக்கள் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பவை அல்ல. ஐஎஸ்6100 என்ற இடம் மாறும் டிஎன்ஏ துண்டுக்குப் பக்கத்திலேயே அவை பலமுறை காணப்படுகின்றன. சில பிளாஸ்மிடில், அதாவது செல் விட்டுச் செல் தாவக்கூடிய தனி டிஎன்ஏ வளையத்தில், இருக்கின்றன. பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து நேற்று வாங்கிய திறனாகக்கூட அது இருக்கலாம். ஒரு பாக்டீரியா எதைத் தின்கிறது என்பது அது யார் என்பதற்குச் சான்றாகாது.

உங்கள் வழிகாட்டியின் வாதத்துக்கு இந்தப் பேரினத்திலேயே பதில் இருக்கிறது. இந்தியாவின் பி90ஏ, ஜப்பானின் யூடி26, பிரான்சின் எஸ்பி+ ஆகிய மூன்று பாக்டீரியா விகாரங்களும் (தனித்தனியாகப் பிரித்தெடுத்த வளர்ப்புகள்) லிண்டேன் குடும்பத்து வேதிப்பொருள்களைச் சிதைப்பவை. வெகுநாள் மூன்றுக்கும் ஸ்பிங்கோமோனஸ் பாசிமொபிலிஸ் என்ற ஒரே பெயர்தான். 2005-இல் டெல்லி ஆய்வாளர்கள் மீண்டும் சோதித்தபோது, அவற்றின் 16எஸ் பொருத்தம் 99.1 முதல் 99.4% வரை இருந்தது. உங்கள் எண்ணும் அதற்குள்தான் வருகிறது! ஆனால் முழு டிஎன்ஏவையும் கலந்து ஒப்பிட்டால் 19 முதல் 59% மட்டுமே. ஒரே சிற்றினம் என்று சொல்ல 70% வேண்டும். ஆக மூன்றும் இண்டிகம், ஜப்பானிகம், ஃபிரான்சென்ஸ் என மூன்று தனிச் சிற்றினங்களாயின. எனக்கு மிகவும் பிடித்த வழக்கு இது.

சரி, என்ன செய்யலாம்? 16எஸ் பொருத்தம் சுமார் 98.7%க்குக் கீழே இருந்தால் புதியதாக இருக்க நல்ல வாய்ப்பு. அதற்கு மேலே என்றால் அது எதையும் முடிவு செய்யாது. முழு ஜீனோமை வரிசைப்படுத்துங்கள். நெருங்கிய சிற்றினங்களின் மூல வகை விகாரங்களோடு, அதாவது அந்தச் சிற்றினப் பெயருக்கு அடையாளமாக வைத்திருக்கும் விகாரங்களோடு, மட்டும் ஒப்பிடுங்கள். தரவுத்தளத்தில் பெயர் தவறாக ஒட்டிய வரிசைகள் ஏராளம். ஏஎன்ஐ எனும் சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95–96%க்குக் கீழே, டிஜிட்டல் டிஎன்ஏ ஒப்பீடு (மேலே சொன்ன முழு டிஎன்ஏ ஒப்பீட்டைக் கணினியில் கணிப்பது) 70%க்குக் கீழே வந்தால் உங்களுடையது தனிச் சிற்றினம். இரண்டாவதை ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பகம் நடத்தும் டிஒய்ஜிஎஸ் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அப்புறம், பெயரிட ஜீனோம் மட்டும் போதாது. கொழுப்பமிலங்கள், செல்லின் ஆற்றல் உற்பத்தியில் உதவும் யுபிகுவினோனின் வகை (இந்தக் குடும்பத்தில் கியூ-10), ஸ்பிங்கோகொழுப்புகள் ஆகியவற்றையும் சோதித்து எழுத வேண்டும். விகாரத்தை இரண்டு வெவ்வேறு நாடுகளின் சேமிப்பகங்களில் வைக்க வேண்டும். இந்திய மண்ணில் எடுத்ததை வெளிநாட்டுக்கு அனுப்ப உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் நடைமுறைகள் உண்டு; அதை இப்போதே ஆரம்பியுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. லிண்டேன் இல்லாத சாதாரண அகார் வளர்ப்பு ஊடகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் லின் மரபணுக்கள் தொலைந்துபோகக்கூடும். ஒரு நாள் பார்த்தால் சிதைக்கும் திறனே இருக்காது. அதனால் தனிக் காலனியிலிருந்து மீண்டும் மீண்டும் புதிய தட்டில் கோடிட்டுப் பரப்பி, தூய வளர்ப்புதான் என்று உறுதி செய்துகொண்டு, லிண்டேன் உள்ள ஊடகத்தில் வளர்த்த செல்களைக் கிளிசராலில் கலந்து, மைனஸ் 80 டிகிரியில் இந்த வாரமே சில குப்பிகள் வைத்துவிடுங்கள். லிண்டேன் குறைவதை அளக்கும்போது, கொன்ற செல்கள் போட்ட ஒரு குடுவையையும் கூடவே வையுங்கள். லிண்டேன் செல்சுவரிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அந்தக் குடுவை இல்லாவிட்டால், ஒட்டிக்கொண்டதையும் சிதைந்ததாகக் கணக்கிட்டுவிடுவீர்கள்.