தோட்டத்துச் சாளைக்கு ஃபைபர் வருமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் எங்கள் தோட்டம். ஊரிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளிச் சாளை, அதாவது தோட்டத்து வீடு. மகள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். செல்போன் நெட் மொட்டை மாடிக்குப் போனால்தான் வருகிறது. ஊருக்குள் ஃபைபர் இணைப்பு கொடுப்பவர் ஐந்து மாதம் முன்பு 2,500 ரூபாய் முன்பணம் வாங்கினார். இப்போது கேட்டால், "அவ்வளவு தூரம் சிக்னல் வராதுங்க" என்கிறார். பஞ்சாயத்து ஆபீஸ் வரை அரசு ஃபைபர் வந்திருக்கிறதே, எங்களுக்கு மட்டும் ஏன் வராது? கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா?
– வாசகி, திருப்பூர் மாவட்டம்

பதில்: சிக்னல் வராது என்பதை நம்பாதீர்கள். லேண்ட்லைன் செம்புக் கம்பியில் பிராட்பேண்ட் கொடுத்த காலத்தில் அது உண்மை. எக்ஸ்சேஞ்சிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் தாண்டினால் வேகம் படுத்துவிடும். ஃபைபர் அப்படியில்லை; வீடுகளுக்குக் கொடுக்கும் ஜிபான் முறையில் 20 கிலோமீட்டர் வரை போகும். அவருக்கு இடிப்பது சிக்னல் இல்லை, கணக்கு. ஒரே வீட்டுக்காக அவ்வளவு தூரம் கம்பம் நட்டு, கேபிள் இழுத்து, மாதம் சில நூறு ரூபாய் வாங்கினால் போட்ட காசு எப்போது தேறும்? கவலை நியாயம்தான். அதை முன்பணத்தில் கை வைக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

சரி, ஊருக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை தோட்டங்கள் இருக்கின்றன? ஒரே இழையை ஸ்பிளிட்டர் பெட்டியில் பிரித்து 32 வீடு, 64 வீடு என்று கொடுக்கலாம். நீங்கள் தனியாகப் போகாமல் நாலைந்து வீட்டார் சேர்ந்து போய்க் கேளுங்கள், பேச்சே மாறிவிடும். கேபிள் செலவில் பங்கு தருவதாகவும் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் எத்தனை மீட்டர், அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டித் தருவார் என்பதையெல்லாம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடியோ மீட்டிங்குக்கு 30 எம்பிபிஎஸ் (Mbps) வேகமே தாராளம். நான் வேகத்தைவிட ரிப்பேரைத்தான் பார்ப்பேன். அவரிடம் ஏற்கெனவே இணைப்பு வாங்கியவர்களை விசாரியுங்கள்: போன ஐப்பசி மழையில் எத்தனை நாள் நெட் இல்லாமல் கிடந்தார்கள்?

பஞ்சாயத்து ஆபீஸ் விஷயம் வேறு. ஊராட்சிகளுக்கு ஃபைபர் இழுக்கும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் பொறுப்பு தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனத்துக்கு. அந்த இழை ஊராட்சி அலுவலகம் வரை வந்தாலே அவர்கள் கணக்கில் ஊர் இணைந்துவிட்டது. அங்கிருந்து வீட்டு வாசல் வரை யாராவது இழுத்தாக வேண்டும். அதனால் சுற்றி வந்து அதே கேபிள்காரரிடம்தான் நிற்கிறோம்.

கேபிளே வேண்டாம் என்றால், 2023இல் ஏர்டெல்லும் ஜியோவும் தொடங்கிய ஏர்ஃபைபர் இருக்கிறது. 5ஜி டவரிலிருந்து மாடியில் வைக்கும் பெட்டி வழியாக நெட் வரும். பணம் கட்டும் முன், 5ஜி போன் வைத்திருக்கும் யாரையாவது மாடிக்கு ஏற்றி வேகம் பாருங்கள். மத்தியானம் பார்த்துப் பயனில்லை, ராத்திரி எட்டு மணிக்குப் பாருங்கள். குறுக்கே தென்னந்தோப்பு இருந்தால் சிக்னல் குறையும். எடுத்த எடுப்பில் வருடச் சந்தா கட்டிவிடாதீர்கள்.

முன்பணத்துக்கு வருவோம். பணம் கொடுத்த ரசீதையோ ஜிபே பதிவையோ எடுத்து வைத்துக்கொண்டு, "15 நாளில் இணைப்பு கொடுங்கள், இல்லை பணத்தைத் திருப்புங்கள்" என்று அவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். வாய்ப்பேச்சுக்குச் சாட்சி இருக்காது. அவர் ஒரு பெரிய கம்பெனியின் பெயரில் இணைப்பு கொடுப்பவர் என்றால் அந்தக் கம்பெனியிலும் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பலர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்புச் சேவை பற்றிய புகாரையும் அங்கே கொண்டுபோகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. ஆனால் 2,500 ரூபாய்க்கு அதுவரை போக வேண்டியிருக்காது, பெரும்பாலும் 1915லேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

இணைப்பு கிடைத்தால் இன்னும் இரண்டு விஷயம். கரண்ட் போனால் உங்கள் இன்வெர்ட்டர் மட்டும் போதாது, ஊருக்குள் இருக்கும் அவருடைய கருவிக்கும் பேட்டரி வேண்டும். இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிளைத் தென்னை மரத்தில் கட்ட விடாதீர்கள், காற்றிலும் மரம் ஏறுபவர் அரிவாளிலும் போய்விடும். வீட்டுப் பக்கம் ஒரு இருபது மீட்டர் கேபிளைச் சுருட்டிக் கட்டச் சொல்லுங்கள். அணில் கடித்தால் அதிலிருந்து இழுத்து ஒட்டிக்கொள்ளலாம்.