நீட்டிப்பில் கையெழுத்திட்ட வீரரை ஏன் மாற்ற முடியவில்லை?

வணக்கம் நண்பரே. என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) விதிகளைப் பின்பற்றும் உங்கள் மாதிரி லீக்கில், 2 கோடி டாலர் சம்பளக்காரருக்கு, மேலும் நான்கு ஆண்டுகளுக்கு 2.8 கோடியில் தொடங்கும் ஒப்பந்த நீட்டிப்பைச் செப்டம்பரில் கொடுத்து, ஜனவரியில் அவரை வேறு அணிக்கு அனுப்ப முயன்றபோது நிர்வாகி மறுத்ததாக எழுதியிருந்தீர்கள். அவர் செய்தது சரியே.

லீக்குக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான 2023 கூட்டு ஒப்பந்தம் முந்தைய சம்பளத்தின் 140 சதவீதம் வரை நீட்டிப்பை அனுமதிக்கிறது. ஆனால் தொடக்கச் சம்பளம் 120 சதவீதத்தையோ, ஆண்டு உயர்வு 5 சதவீதத்தையோ, நடப்புப் பருவத்தையும் சேர்த்து மொத்தக் காலம் நான்கு ஆண்டுகளையோ தாண்டினால், அவ்வீரரை ஆறு மாதங்களுக்கு வேறு அணிக்கு மாற்ற முடியாது. யூட்டா அணியின் லௌரி மார்க்கனென் அவ்வரம்புகளைத் தாண்டிய நீட்டிப்பில் 2024 ஆகஸ்ட் 7 அன்று கையெழுத்திட்டார். அப்பருவத்தில் வீரர்களை மாற்றுவதற்கான கடைசி நாளோ 2025 பிப்ரவரி 6. ஒரே நாள் முன்னதாகக் கையெழுத்திட்டிருந்தால் அப்பருவத்திலேயே அவரை மாற்ற வழி இருந்திருக்கும். அந்தத் தேதி திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

இத்தடை எதிர்த்திசையிலும் உண்டு: மாற்றத்தில் வந்தவருக்கு அந்த வரம்புகளை மீறிய நீட்டிப்பை ஆறு மாதங்கள் தர இயலாது. 2025 பிப்ரவரி 2 அன்று லேக்கர்ஸ் அணிக்கு வந்த லூகா டோன்சிச் ஆகஸ்ட் 2 அன்று நீட்டிப்பில் கையெழுத்திட்டது அதனால்தான்.

உங்கள் வீரரை இப்பருவத்தில் மாற்ற இயலாது. இதே சம்பளமுள்ள அடுத்த வீரருக்கு 2.4 கோடிக்குள், 5 சதவீத உயர்வுடன், மேலும் மூன்று ஆண்டுகள் மட்டும் எழுதுங்கள். அவரை உடனே மாற்றலாம்.