மாண்டரின் தெரியாத மலேசியத் தமிழர் குடும்பம் சீனாவைச் சொந்தமாகச் சுற்றிப் பார்க்க முடியுமா?

முடியும். வழிகாட்டியின் கொடிக்குப் பின்னால் வரிசையாக நடப்பதைவிட அதுதான் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். சீனாவின் பொது மொழியான மாண்டரின் தெரியாமல் சமாளிக்கலாமா, சைவம் கிடைக்குமா, பெய்ஜிங், ஷாங்ஹாய், சியான் மூன்றையும் எட்டு நாளில் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது சரியாக அமைந்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

போதாது. சீனாவின் பரப்பளவு ஏறக்குறைய 96 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் மலேசியாவைப் போல 29 மடங்கு. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்ஹாய்க்கு ரயில் பாதை 1,318 கிலோமீட்டர். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை நம் நெடுஞ்சாலையில் போனால் 772 கிலோமீட்டர்தான். அந்த 1,318 கிலோமீட்டரை அதிவேக ரயில் நாலரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறது. அருமையான ரயில், குறையே சொல்ல முடியாது. ஆனால் இறங்கிய பிறகு நினைத்துப் பார்த்தால், இடையில் இருந்த ஊர்களும் வயல்களும் ஜன்னலில் கோடுகளாக ஓடியது மட்டுமே மிச்சம். மூன்று பெருநகரங்களின் ஹோட்டல், அருங்காட்சியகம், பேரங்காடி ஆகியவற்றைப் பார்த்துவிட்டு அந்த நாட்டைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் யோசனை இதுதான்: நகரங்களுக்கும் கடற்கரைக்கும் ஒரே ஒரு மாநிலத்தைத் தேர்ந்தெடுங்கள். கிராமப்புறத்துக்கு ஒரே ஒரு மெதுவான ரயிலைத் தேர்ந்தெடுங்கள். பெய்ஜிங் எங்கேயும் ஓடிவிடாது.

நம்மைப் போன்ற பினாங்குக்காரர்களுக்கு அந்த மாநிலம் ஃபூஜியான்தான். நம் ஊர் ஹொக்கியன் சீனர்களின் பூர்வீகம் அது. தீபகற்ப மலேசியாவைவிடச் சற்றே சிறியது, பெரும்பகுதி மலை. கோலாலம்பூரிலிருந்து அதன் துறைமுக நகரான சியாமெனுக்கு நேரடி விமானம் உண்டு. பினாங்கில் கூ கொங்சி என்ற குல மண்டபத்தைக் கட்டியவர்களின் கிராமம் சியாமெனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. பினாங்கின் கெக் லோக் சி புத்தர் கோயிலை நிறுவிய துறவி ஃபூசௌ நகரத்துக் கூஷான் மலை மடத்திலிருந்து வந்தவர். ஜார்ஜ் டவுனில் வளர்ந்த கண்ணுக்கு அங்குள்ள கூரையின் வளைவும், கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதையும், வாசலில் எரியும் ஊதுவத்தியும் புதியவை அல்ல.

மொழி விஷயத்தில் என் அம்மாவை வைத்தே சொல்கிறேன். ஆயர் ஈத்தாம் சந்தையில் நெடுங்காலம் காய்கறி விற்றவர். சீனப் பள்ளியில் படித்ததில்லை. மாண்டரின் ஒரு வார்த்தை வராது. ஆனால் ஹொக்கியன் மொழியில் பேரம் பேசுவார், நலம் விசாரிப்பார், கோபித்தும் கொள்வார். ஃபூஜியானின் தென்பகுதியில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் அது நன்றாகவே செல்லுபடியானது. உச்சரிப்பு ஊருக்கு ஊர் மாறுகிறது. அந்தப் பகுதியிலுள்ள சுவான்சௌ நகரத்தில் அம்மா இரண்டு முறை சொல்லித்தான் சில சொற்கள் புரிந்தன. இளைஞர்கள் மாண்டரினில்தான் பதில் சொல்வார்கள், அவர்களுக்குக் கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பு போதும். ஒரு தேநீர்க் கடையில் மலேசியா என்று சொன்னதும் கடைக்காரப் பெரியவர் எழுந்து உள்ளே போய், கிள்ளானில் குடியேறிய தன் சித்தப்பாவின் படத்தை எடுத்து வந்து காட்டினார். கடல் தாண்டிப் போனவர்களின் உறவு இல்லாத வீடு அந்தப் பக்கம் குறைவு. ஒரு தமிழ்ப் பெண்மணி ஹொக்கியன் பேசியதைக் கேட்டு அந்தத் தெருவே கூடிவிட்டது. முறைத்துப் பார்க்கிறார்களே என்று தொடக்கத்தில் கூச்சமாக இருக்கும். பெரும்பாலும் அது ஆர்வம்தான், பகை இல்லை.

சுவான்சௌவுக்கு இரண்டு நாளாவது ஒதுக்குங்கள். சோங், யுவான் அரச மரபுகளின் காலத்தில் உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம்மவர்களும் அங்கே வாணிகம் செய்தார்கள், கோயில் கட்டினார்கள். 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கு சிவனை எழுந்தருளச் செய்ததை அது சொல்கிறது. யுவான் பேரரசர் குப்லாய் கான் ஆண்ட காலம் அது. பிற்காலத்தில் அந்தக் கோயில் அழிந்தது. அதன் கற்கள் வேறு கட்டடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. காய்யுவான் புத்தர் கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போங்கள். முன்பக்கக் கூட்டம் அங்கே வருவதில்லை. பட்டை பட்டையாகச் செதுக்கிய இரண்டு கல் தூண்கள் நிற்கும். நரசிம்மர் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். கண்ணன் இரட்டை மருத மரங்களைச் சாய்க்கிறான். கடல்வழி வரலாற்று அருங்காட்சியகத்தில் யானை சிவலிங்கத்தை வழிபடும் கல் ஒன்று இருக்கிறது. திருவானைக்காக் கதை தெரிந்தவருக்கு விளக்கப் பலகை தேவையில்லை. இவ்வளவு தூரம் வந்து இவற்றைப் பார்க்காமல் திரும்பும் தமிழர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழ்க் குழுக்களுக்கான பயணத் திட்டங்களில் இந்த ஊரின் பெயரை நான் கண்டதே இல்லை.

அதே நகரத்தின் ஓரத்தில் ஷுன்பூ என்ற மீனவக் கிராமம். சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள். பெண்கள் கூந்தலைப் பின்னால் கொண்டையாகச் சுற்றி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி, அதைச் சுற்றி மொட்டுச் சரங்களை வட்டம் வட்டமாக வைக்கிறார்கள். இந்த வழக்கம் 2008 முதல் தேசிய மரபுப் பட்டியலில் இருக்கிறது. இப்போது நாடெங்கிலுமிருந்து இளம்பெண்கள் வாடகை உடையில் பூச்சூடிப் படமெடுத்துக்கொள்ள வருகிறார்கள். அதனால் வாடகைக் கடைகள் திறப்பதற்கு முன், விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அப்போதுதான் சிப்பி விற்கப் போகும் பாட்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் எந்தக் கேமராவுக்காகவும் பூ வைப்பதில்லை.

ஒரு திண்ணையில் பாட்டி ஒருவர் ஊசியால் மொட்டுகளைக் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நூலை மட்டும் கேட்டு வாங்கினார். கால் கட்டைவிரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என வைத்து, ஊசியில்லாமல் முடிச்சு முடிச்சாக ஒரு முழம் கட்டிக் கொடுத்தார். பாட்டி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு மொட்டைப் பிடித்து இழுத்தார். அது வரவில்லை. இன்னொன்றை இழுத்தார். பிறகு உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். அடுத்த ஒரு மணி நேரம் நான் எங்கும் போக முடியவில்லை. எந்தச் சுற்றுலா நிறுவனமும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்காது.

ஃபூஜியானின் உட்பகுதியில் ஹக்கா என்ற சீனப் பிரிவு மக்களின் வட்ட மண்வீடுகள் உண்டு. 2008இல் யுனெஸ்கோவின் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தவை. ஒரே சுவருக்குள் ஒரு குலமே வாழ்ந்த கோட்டைகள். பகலில் பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வரும். ஓர் இரவு அங்கேயே தங்கினால் மாலையில் ஊர் உங்களுடையது.

இனி, நான் முதலில் சொன்ன மெதுவான ரயில். சிச்சுவான் மாநிலத்தின் லியாங்ஷான் மலைகளில் புசியோங்குக்கும் பன்ஜிஹுவாவுக்கும் இடையில் 5633, 5634 என்ற எண்களில் ஒரு பச்சை ரயில் ஓடுகிறது. 1958இல் வேலை தொடங்கி 1970இல் திறந்த செங்து–குன்மிங் பழைய பாதை அது. நானூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், ஆயிரத்தை நெருங்கும் பாலங்கள். பக்கத்தில் புதிய விரைவுப் பாதை 2022 டிசம்பரில் முழுதாகத் திறந்தாகிவிட்டது. ஆனாலும் மலைக் கிராமங்களில் வாழும் யீ இன மக்களுக்காக இந்த ரயிலை அரசு நிறுத்தவில்லை. குறைந்த கட்டணம் இரண்டு யுவான். முழுத் தொலைவும் போனாலும் முப்பது யுவானைத் தாண்டாது. பல்லாண்டுகளாகக் கட்டணத்தை உயர்த்தவில்லை. லாபம் பார்த்திருந்தால் இதை என்றோ மூடியிருப்பார்கள். மலைவாழ் பிள்ளைகள் இதில்தான் பள்ளிக்குப் போகிறார்கள், குடியானவர்கள் இதில்தான் சந்தைக்குப் போகிறார்கள். ஒரு நாடு தன் ஏழைகளை எப்படி நடத்துகிறது என்பதை அதன் விமான நிலையத்தில் பார்க்க முடியாது. இப்படிப்பட்ட ரயிலில் பார்க்கலாம்.

இருக்கைகளை அகற்றிவிட்டு ஒரு பகுதியை ஆடு, பன்றிகளுக்கென்றே விட்டிருக்கிறார்கள். எங்கள் காலடியில் ஒரு கூடை வாத்துக் குஞ்சுகள். எதிரில் கருப்புக் கம்பளிப் போர்வை போர்த்திய யீ மூதாட்டி. அவருக்கு ஹொக்கியனும் தெரியாது, மாண்டரினும் அரைகுறை. அம்மா முட்டைக்கோசு என்ன விலை என்று கையால் கேட்க, அவர் விரல்களால் விலை சொல்ல, கேமரன் மலை முட்டைக்கோசைவிட இது இறுக்கமாக இருக்கிறது என்று அம்மா எனக்குத் தமிழில் விளக்க, அப்படியே மூன்று நிலையங்கள் போயின. பிறகு மூதாட்டி தன் பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கை எடுத்துத் தோலுரித்து, மிளகாய்த் தூளில் புரட்டிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் நாங்கள் சாப்பிட்ட மிகச் சிறந்த சைவ உணவு அதுதான்.

இன்னொன்றையும் அங்கே கவனித்தோம். சீனா முழுவதற்கும் ஒரே நேரம்; 1982 முதல் நம் நேரமும் அதுவே, கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். ஆனால் சியாமெனில் கோடையில் ஐந்தேகால் மணிக்கு வெயில் அடிக்கும். அதே நாட்டின் மேற்கே குன்மிங்கில் குளிர்காலத்தில் எட்டு மணிக்குத்தான் பொழுது புலரும். நாட்டின் அகலத்தை வரைபடத்தைவிட இது நன்றாக உணர்த்தியது.

சைவம் பற்றி: பெரிய புத்தர் கோயில் எதுவானாலும் அதன் உள்ளேயோ வாசலிலோ சைவ உணவகம் ஒன்றைத் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். மற்ற கடைகளில் கீரை வறுவல்கூடப் பன்றிக் கொழுப்பில் தாளித்ததாக இருக்கலாம், சிப்பிச் சாறு சேர்த்திருக்கலாம். இறைச்சி, மீன், முட்டை, கொழுப்பு, சிப்பிச் சாறு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் ஓர் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு சமையற்காரரிடமே காட்டுங்கள். பரிமாறுபவரிடம் காட்டிப் பயனில்லை. தென் ஃபூஜியானில் நம் ஊரில் சொல்வது போலவே ‘சியா சாய்’ என்றால் புரிந்துகொள்கிறார்கள். வெங்காயம், பூண்டு இல்லாமல் சமைத்துத் தருவார்கள். ரயில் பெட்டிகளில் கொதிநீர் எப்போதும் இருக்கும். ஓட்ஸ், உடனடி மீஹூன் (அரிசிச் சேமியா) எடுத்துச் செல்லுங்கள்.

மற்றவை எளிது. 2025 ஜூலை 17 முதல் மலேசியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல் ஒரு முறைக்கு 30 நாள் தங்கலாம். ரயில் டிக்கெட் தாளில் கிடையாது. சீன ரயில்வேயின் 12306 செயலியில் கடப்பிதழ் எண்ணுக்குப் பதிவாகும், பயண நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாகத் திறக்கும். பணம் கட்ட அலிபே என்ற சீனச் செயலி இருக்கிறது; நம் டச் அண்ட் கோ மின்பணப்பையும் பல கடைகளில் வேலை செய்கிறது. மலைச் சந்தைக்குக் கொஞ்சம் சில்லறை நோட்டு வேண்டும். கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்கு முடக்கப்பட்டவை. இங்கிருந்தே ரோமிங் எடுத்துப் போனால் அவை இயங்கும். ஹோட்டலில் தங்கினால் காவல்துறைப் பதிவை அவர்களே செய்துவிடுவார்கள். கிராமத்து வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நீங்கள் செய்ய வேண்டும்.

உங்கள் அப்பாவுக்கு முட்டி வலி என்று எழுதியிருந்தீர்கள். இரவு ரயிலில் கடினப் படுக்கைப் பெட்டி மூன்று அடுக்கு. அவருக்குக் கீழ் அடுக்கே கிடைக்கும்படி முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். மண்வீடுகளின் மாடிப் படிகள் செங்குத்தானவை, தரைத்தளத்தில் அறை கேளுங்கள். அக்டோபர் முதல் வாரத்திலும் சீனப் புத்தாண்டிலும் போகவே வேண்டாம். நாடே ரயிலில் இருக்கும். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை வசதியானது. புயல் காலம் முடிந்திருக்கும், ஃபூஜியான் கடற்கரையில் பகலுக்கு ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும். லியாங்ஷானுக்கு வாசலான சீசாங் நகரத்தில் டிசம்பரிலும் பகல் வெயில் நன்றாக இருக்கும். மலையில் இரவு குளிரும், அப்பாவுக்கு ஒரு கம்பளிக் காலுறை சேர்த்து எடுத்துவையுங்கள்.