கணினியில் கலந்தது, சில்லில் ஏன் கலக்கவில்லை?

கேள்வி: ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் சயனைடு இருக்கிறதா என்று பார்க்க, இறுதியாண்டுத் திட்டமாக நுண்பாய்வுச் சில்லு (மயிரிழை வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டிச் சோதிக்கும் சிறு தகடு) ஒன்றை வடிவமைத்தேன். கழிவுநீரும் வினைப்பொருளும் ஒய் வடிவ முனையில் சேர்ந்து, 2 செ.மீ. நீள நேர் வாய்க்காலில் ஓடும். அகலம் 200 மைக்ரான், உயரம் 50. ஓட்டம் நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர். கணினி சிமுலேஷனில் (வாய்க்காலைப் பிரித்துக் கணக்கிடும் சிறு கட்டங்களான கண்ணிகள் 20 மைக்ரான் நான்முகிகள்; முதல்படி என்னும் எளிய, துல்லியம் குறைந்த கணக்கு முறை) கடைசியில் ஒரே நிறம் வந்தது. வார்த்த சில்லிலோ, சோதனைக்காக விட்ட சிவப்பு மையும் நீல மையும் ஒட்டாமலே ஓடுகின்றன. எங்கே பிழை?
– வாசகி, ஆத்தூர்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தேன். முனையிலிருந்து வெளிவாய் வரை நடுவில் ஓர் ஊதா இழை மட்டும் மெல்ல அகலமாகிக்கொண்டே போகிறது. உங்கள் சில்லு சரியாகத்தான் வேலை செய்கிறது. தவறியது சிமுலேஷன்.

ஒரு தாளை எடுங்கள். ஓட்டத்தைக் குறுக்குப் பரப்பால் வகுத்தால் வேகம் விநாடிக்குச் சுமார் 17 மி.மீ. ஓட்டம் சீராக இருக்குமா கொந்தளிக்குமா என்று சொல்லும் ரெய்னால்ட்ஸ் எண் ஏறத்தாழ 1. குழாயில் நீர் கொந்தளிக்க அது இரண்டாயிரத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே இங்கே சுழல் என்பதே கிடையாது, கலப்பதற்கு விரவல் (மூலக்கூறுகள் தாமாகவே மெல்லப் பரவுவது) ஒன்றுதான் வழி. மை மூலக்கூறின் விரவல் கெழு நீரில் விநாடிக்குச் சுமார் 500 சதுர மைக்ரான். அகலத்தின் வர்க்கத்தை அந்தக் கெழுவின் இரு மடங்கால் வகுங்கள்: அகலம் முழுவதும் கலக்க 40 விநாடி. உங்கள் வாய்க்காலை நீர் கடக்க ஆவது 1.2 விநாடி. அதற்குள் மை 35 மைக்ரான்தான் நகரும். உங்கள் ஊதா இழை அதுதான்.

அப்படியானால் கணினி ஏன் கலந்து காட்டியது? முதல்படிக் கணக்கு முறை, ஓட்டத்துக்குச் சாய்வாகக் கிடக்கும் கண்ணிகளில் இல்லாத விரவலைத் தானே உண்டாக்கிவிடும். அதன் அளவு, தோராயமாக, வேகத்தைக் கண்ணியின் பாதி நீளத்தால் பெருக்கியது. உங்கள் எண்களைப் போட்டால் உண்மையான விரவலைப்போல் முந்நூறு மடங்குக்கு மேல் வருகிறது! திரையில் நீங்கள் பார்த்தது மையின் கலப்பு அல்ல, கண்ணிகளின் கலப்பு. சேலத்தில் திரவ இயக்கவியல் கற்பித்த காலம் முழுவதும் மாணவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டது இதைத்தான்: வண்ணப்படத்தை நம்புவதற்கு முன் கண்ணியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். விடை மாறினால் அது இன்னும் விடையல்ல. ஓட்டத்தின் திசையிலேயே கிடக்கும் செவ்வகக் கண்ணிகளும் இரண்டாம்படி முறையும் உங்களுக்கு வேண்டும். ஓப்பன்ஃபோம் என்ற சிமுலேஷன் மென்பொருள் இலவசம், அதிலேயே இரண்டும் முடியும்.

வடிவமைப்புக்கு வருவோம். அகலத்தை மட்டும் குறைத்தால் வேகம் கூடிவிடும், கிடைக்கும் லாபம் பாதி போய்விடும். ஓட்டத்தை நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டராக்கி, அகலத்தை 100 மைக்ரானாக்குங்கள். கலக்க 10 விநாடி, தேவையான நீளம் 3.3 செ.மீ. ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளைப்போல் மடித்துவிட்டால் அதே சில்லில் அடங்கும். இந்த வேகத்தில் வளைவு தானாகக் கலக்காது, நீளத்துக்காக மட்டுமே அது. இன்னும் விரைவாகக் கலக்க வேண்டுமென்றால் வாய்க்காலின் அடியில் மீன்முள் போன்ற சாய்வுப் பள்ளங்களை வெட்டலாம். 2002இல் ஹார்வர்டில் வேதியியலாளர் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழுவினர் காட்டிய வழி அது. ஆனால் அதற்கு இரண்டு அடுக்கு அச்சு வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் முதல் முயற்சிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மையை விட்டுக் கழிவுநீருக்கு மாறும்போது ஒன்றைக் கவனியுங்கள். மரவள்ளி மாவுத் துகள்கள் சாதாரணமாக 5 முதல் 35 மைக்ரான் வரை இருக்கும். உங்கள் வாய்க்காலின் உயரமோ 50. இரண்டு மூன்று துகள்கள் சேர்ந்தாலே அடைப்புதான். தூய நீரை மட்டும் ஓட்டிப் பார்த்த சிமுலேஷனுக்கு இது தெரியாது. மாதிரியைச் சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை 5 மைக்ரான் வடிகட்டியில் வடித்த பிறகே சிரிஞ்சில் ஏற்றுங்கள். தெளியும் வரை புட்டியை இறுக மூடியே வையுங்கள், சயனைடு ஆவியாகிப் போய்விடும்.