உங்கள் கிண்ணம்தான் உங்கள் மதியச் சாப்பாடு

தம்பி, விருந்துக்கு என்ன சாலட் கொண்டுபோகலாம் என்ற உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கேலிக்காக அல்ல. பத்தொன்பது வருடங்களுக்கு முன் இதே கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் நான் தவித்தது நினைவுக்கு வந்தது. நீங்கள் திருநெல்வேலியிலிருந்து அமெரிக்காவில் வட கரோலினாவின் கேரி ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மேலாளர் ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று தன் வீட்டில் நடக்கும் குக்கவுட்டுக்கு அழைத்திருக்கிறார். "ஏதாவது ஒரு சைட் கொண்டுவந்தால் போதும்" என்றிருக்கிறார். நீங்கள் சைவம். சாலட் என்றால் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் வட்டமாக நறுக்கி எலுமிச்சை பிழிவதற்கு மேல் ஒன்றும் தெரியாது என்கிறீர்கள். அது போதும், அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். உங்களை அழைத்திருப்பது குக்கவுட்டுக்கு. அதைப் பார்பிக்யூ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். வேறு பல மாநிலங்களில் இரண்டும் ஒன்றுதான்; இங்கே பார்பிக்யூ என்பது மணிக்கணக்காகப் புகையில் வெந்த பன்றி இறைச்சிக்குப் பெயர். அதற்கு ஊற்றும் சாற்றில் தக்காளி சேரலாமா, வெறும் வினிகரும் மிளகாயும் மட்டும்தானா என்று மாநிலத்தின் கிழக்குப் பக்கத்தாரும் லெக்சிங்டன் பக்கத்தாரும் தலைமுறைகளாகச் சண்டை போடுகிறார்கள். குக்கவுட் என்பது அவ்வளவு கனமான விஷயம் அல்ல. வீட்டுக்காரர் பின்கட்டில் கிரில் அடுப்பை வைத்து பர்கரும் ஹாட் டாக்கும் வாட்டுவார். வந்தவர்கள் ஆளுக்கொரு பக்க உணவு கொண்டுவருவார்கள். அந்தப் பக்க உணவுதான் சைட்.

சைவக்காரருக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதுதான் நீங்கள் கேட்க மறந்த கேள்வி. மேசையைப் பார்த்தால் எல்லாம் காய்கறியாகத்தான் தெரியும். ஆனால் பேக்டு பீன்ஸில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு கிடக்கும். அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் முறையில் வேகவைத்த பச்சை பீன்ஸிலும் காலர்டு கீரையிலும் உப்புக்கண்டம் போன்ற பன்றித்துண்டு போட்டுக் கொதிக்க வைத்திருப்பார்கள். உருளைக்கிழங்கு சாலட்டில் முட்டை. கோல்ஸ்லா என்னும் முட்டைக்கோஸ் சாலட்டில் மயோனைஸ், அதிலும் முட்டை. ஆடி அசையும் வண்ண வண்ண ஜெல்லியிலும், பிள்ளைகள் குச்சியில் குத்தி வாட்டும் மார்ஷ்மெல்லோவிலும் ஜெலட்டின், அது விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. உங்களுக்கு மிஞ்சுவது தர்ப்பூசணி, சிப்ஸ், வேகவைத்த சோளக்கதிர். "வெஜ் பர்கர் இருக்கிறது" என்று அன்போடு சொல்வார்கள். அது இறைச்சி வெந்த அதே கம்பியில் வேகும். மனம் ஒப்பாவிட்டால் கூச்சப்படாமல், "அடியில் ஓர் அலுமினியத் தாள் விரித்து வாட்ட முடியுமா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

ஆகவே நீங்கள் கொண்டுபோகும் கிண்ணம்தான் உங்கள் மதியச் சாப்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரத்துக்கு நான்கு இலை கிள்ளிப் போட்ட சாலட் உதவாது. மென்று தின்னவும் வயிறு நிறையவும் ஏதாவது வேண்டும். ஜூலை முதல் வாரத்தில் இந்த ஊரில் அதற்குச் சரியான பொருள் சோளம். கூடவே தக்காளி, வெள்ளரி.

என் முதல் குக்கவுட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கே தக்காளி, வெள்ளரிக்காய், வெங்காயம் எல்லாம் நறுக்கி, உப்பும் எலுமிச்சைச் சாறும் கலந்து, மூடி போட்டு, பெருமையோடு வைத்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்கு அவர்கள் வீட்டு மேசையில் மூடியைத் திறந்தால் பாதிப் பாத்திரம் தண்ணீர், அதில் வெள்ளரித் துண்டுகள் மிதக்கின்றன. வயதான அம்மா ஒருவர் எட்டிப் பார்த்து, "இது குளிர்ந்த சூப்பா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் ஒரு குவளை குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார்.

அன்றைக்குத் தெரிந்துகொண்டது இதுதான்: கோடைக்காய் சாலட்டில் முக்கால்வாசி வேலை தண்ணீரைச் சமாளிப்பது. உப்பு பட்டதும் காய் தன் நீரை வெளியே விட்டுவிடும். ஊறுகாய் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியாததா? ஆனாலும் சாலட் என்றதும் மறந்துவிட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். பெரிய கடைகளில் வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறையாவது பக்கத்து நகரமான ராலேயில் இருக்கும் மாநில உழவர் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். மதுரையில் 1999இல் முதல் உழவர் சந்தை திறந்த புதிதில் அம்மாவுடன் பை தூக்கிக்கொண்டு போனவள் நான். இங்கே அதே காட்சியைக் கண்டபோது தொண்டை அடைத்தது. விளைவித்தவரே நின்று விற்கிறார். பேரம் மட்டும் கிடையாது.

சோளத்துக்கு நம் ஊர் மக்காச்சோளத்தை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தாடை வலிக்கச் சுட்டுத் தின்போமே, அது வேறு. இது இனிப்புச் சோளம், பச்சையாகவே தின்னலாம். பறித்த நேரத்திலிருந்து இதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடும், சூட்டில் இன்னும் வேகமாக. எனவே அன்று பறித்ததா என்று கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் தோகையோடு குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கதிரின் மடலைக் கிழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பது இங்கே நாகரிகம் அல்ல. மேலிருந்து விரலால் தடவினாலே முத்து நிறைந்திருக்கிறதா என்று தெரியும். நுனிக் குஞ்சம் பிசுபிசுப்போடு பழுப்பாக இருந்தால் நல்ல கதிர். கறுத்துக் காய்ந்திருந்தால் பழசு.

தக்காளியில் மயங்கிவிடுவீர்கள். தோள்பட்டை பச்சையாக, உடல் பழைய செங்கல் நிறமும் ஊதாவும் கலந்தாற்போல ஒன்று இருக்கும். செரோக்கி பர்ப்பிள் என்று பெயர். 1990இல் டென்னசியிலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பிய விதையை வளர்த்துப் பார்த்து அந்தப் பெயரை வைத்தவர் கிரெய்க் லெஹூலியர். பிறகு ராலேயில் குடியிருந்து, வீட்டு வண்டிப்பாதையில் தொட்டி தொட்டியாகத் தக்காளி வளர்த்தவர். அந்தப் பழத்தை வாங்குங்கள், வீட்டில் வட்டமாக அரிந்து உப்பு தூவித் தின்னுங்கள். சாலட்டில் மட்டும் போடாதீர்கள், அவ்வளவும் சாறு. குக்கவுட்டுக்குச் சிறிய செர்ரி தக்காளிதான் ஏற்றது.

வெள்ளரிக்காயில் பெரிய கடையின் தடித்த பச்சை வகைக்குத் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள், உள்ளே விதையும் முற்றியிருக்கும். பேருந்து நிலையத்தில் பிளந்து மிளகாய்த்தூள் தடவித் தரும் பிஞ்சின் ருசி வேண்டுமானால் ஊறுகாய்க்கென்று விற்கும் குட்டை வெள்ளரியைத் தேடுங்கள். இல்லையென்றால் நெகிழித்தாள் சுற்றிய நீள வெள்ளரி. எலுமிச்சையிலும் ஒரு குழப்பம் வரும்: மஞ்சளாக, பெரிதாக இருப்பது லெமன், நம் எலுமிச்சைக்குக் கிட்டத்தில் வருவது பச்சை நிற லைம்.

பன்னிரண்டு பேர் பக்க உணவாகச் சாப்பிட அளவு: சோளக்கதிர் ஆறு, செர்ரி தக்காளி இரண்டு பெட்டி (ஏறத்தாழ 600 கிராம்), குட்டை வெள்ளரி நான்கு, சிவப்புக் குடைமிளகாய் ஒன்று, சிவப்பு வெங்காயம் ஒன்று. கலவைச் சாறுக்கு மூன்று மேசைக்கரண்டி லைம் சாறு, நான்கு மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி உப்பு.

கதிரை உரித்துக் கொதிநீரில் மூன்று நிமிடம், அவ்வளவுதான். எடுத்து ஆறவிடுங்கள். அகலமான பாத்திரத்துக்குள் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன் மேல் கதிரை நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கத்தியை இழுங்கள். முத்துகள் வீடெல்லாம் தெறிக்காமல் பாத்திரத்திலேயே விழும். தக்காளியை இரண்டாக வெட்டி வடிதட்டில் போட்டு அரைத் தேக்கரண்டி உப்பு பிசிறி இருபது நிமிடம் விடுங்கள். கீழே வடியும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். அன்றிரவு ரசத்துக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? வெள்ளரியை நீளவாக்கில் பிளந்து, விதை முற்றியிருந்தால் கரண்டியால் வழித்து எறிந்துவிட்டு, விரற்கடை அளவு துண்டுகளாக்குங்கள். வெங்காயத்தைப் பொடியாக அரிந்து ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வடித்தால் காரமும் வாடையும் அடங்கிவிடும். மேலாளர் வீட்டில் பேசிக்கொண்டு நிற்கப்போகிறீர்கள், இந்தப் பத்து நிமிடம் வீணாகாது.

கொத்தமல்லிக்குப் பதிலாகப் பேசில் இலையை முயன்று பாருங்கள். வெளிநாட்டு இலை என்று ஒதுக்க வேண்டாம். நம் திருநீற்றுப்பச்சிலையின் இனம்தான், கிள்ளி முகர்ந்தால் உடனே தெரிந்துவிடும். கத்தி பட்டால் கறுக்கும். பரிமாறும்போது கையால் கிள்ளிப் போடுங்கள்.

அடுத்து நீங்கள் என்ன நினைப்பீர்கள் என்று தெரியும்: கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்துக் கொட்டினால் என்ன? ராம நவமிக்குப் பாசிப்பருப்பு ஊறவைத்து வெள்ளரிக்காயோடு கலக்கும் கோசம்பரி மாதிரி? நன்றாகவே இருக்கும், நான் செய்கிறேன். தாளிப்பு ஆறிய பிறகு கலக்க வேண்டும், சூடாகக் கொட்டினால் வெள்ளரி துவண்டுவிடும். ஆனால் முதல் தடவை பெருங்காயம் வேண்டாம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர் யாராவது அங்கே இருந்தால் ஒரு சிட்டிகையும் தொல்லைதான். வறுத்த வேர்க்கடலையை மேலே தூவும் ஆசையையும் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை தூவிக்கொண்டு போனேன். ஓடி வந்த சிறுவனின் கையை அவன் அம்மா பாய்ந்து பிடித்த வேகத்தை இன்னும் மறக்கவில்லை. வேர்க்கடலை ஒவ்வாமை இங்கே உயிர் சம்பந்தப்பட்டது. எள்ளையும் 2023 முதல் முக்கிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். எனவே கிண்ணத்தின் பக்கத்தில் சின்னத் தாளில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பச்சை மிளகாயைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டுபவர் போட்டுக்கொள்வார்.

கொண்டுபோகும் முறைதான் முக்கியம். நறுக்கிய காய் ஒரு பாத்திரத்தில், சாறு மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில், பேசில் ஈரத்துணியில். மூன்றும் ஐஸ் போட்ட பெட்டியில் போகட்டும். கிரில்லிலிருந்து முதல் பர்கர் இறங்கும்போது புட்டியைக் குலுக்கி ஊற்றிக் கலந்தால் போதும். அதுவும் பாதியை மட்டும்; மீதி ஐஸிலேயே இருக்கட்டும். நறுக்கிய காயையும் சமைத்த உணவையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது இந்நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. வெயில் 90 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால், அதாவது நமக்கு 32 டிகிரி செல்சியஸ், ஒரு மணி நேரம்தான். ஜூலையில் இங்கே அந்த வெயில் சாதாரணம். திருநெல்வேலிக்காரருக்கு 32 டிகிரி ஒரு வெயிலா என்று சிரிப்பீர்கள்; மதுரைக்காரியான நானும் சிரித்தேன். ஈரப்பதம் சேர்ந்தால் புரியும். பரிமாறும் கரண்டியையும் கூடவே கொண்டுபோங்கள். பத்துப் பாத்திரங்களுக்கு இரண்டு கரண்டி இருக்கும் மேசையை நிறையப் பார்த்துவிட்டேன், ஹாட் டாக் எடுத்த இடுக்கி உங்கள் சாலட்டுக்குள் வந்து விழும்.

இரண்டு மணிக்கு வரச் சொன்னால் இரண்டு மணி, அல்லது இரண்டு பத்து. ஒன்றரைக்குப் போய் நிற்காதீர்கள், அவர்கள் அப்போதுதான் புல்வெட்டி முடித்திருப்பார்கள். சாப்பாட்டு விஷயத்தில் நம் உபசாரக் கணக்கு இங்கே செல்லாது. "எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு நாம் மரியாதைக்காக "வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது, இரண்டாம் தடவை கேட்க யாரும் வரமாட்டார்கள். என் முதல் வருடத்தில் அப்படியே மூன்று விருந்துகளிலிருந்து பசியோடு வீடு திரும்பியிருக்கிறேன். அதேபோல நீங்களும் யார் தட்டிலும் வலிந்து போடாதீர்கள். ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார் என்றால் பிடிக்கவில்லை என்று அர்த்தம் இல்லை.

மூன்றாம் தேதி மாலைக்குள் சந்தைக்குப் போய்விட்டு வாருங்கள். கதிர் ஆறு சொன்னேன், எட்டாக வாங்குங்கள். உரிக்கும்போது இரண்டு கதிர் கையில் மிச்சமாகாது, வாய்க்குள் போய்விடும்.